மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எதுவும் இல்லாமல் பழைய கணினியை வீட்டில் சர்வராக ஓட்ட முடியுமா?

ஓட்டலாம். ஐந்து வருடத்துக்கு மேலாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுப் பரணில், பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அசெம்பிள்டு சிபியூ உட்கார்ந்திருக்கிறது. அதில் செருகியிருப்பது இரண்டே ஒயர்: ஒன்று கரண்ட், இன்னொன்று நெட்வொர்க். உள்ளே டெபியன் என்கிற லினக்ஸ். சென்னையிலிருந்து டெயில்ஸ்கேல் என்கிற விபிஎன் மூலம் வீட்டு நெட்வொர்க்குக்குள் போய், எஸ்எஸ்எச்சில், அதாவது தூரத்திலிருந்தே கட்டளைகளை டைப் செய்து, எல்லா வேலையும் பார்க்கிறேன். குடும்பப் போட்டோக்கள் மொத்தமும் அதில்தான்.

நீங்களும் மூலையில் கிடக்கும் ஒரு பழைய பெட்டியை வைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லினக்ஸுக்குத் திரை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதற்கு முன்னால் எழுந்திருக்கிற பயாஸ், அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்தான் வம்பு பிடித்தது.

நான் ஒன்றும் தெரியாமல் இறங்கவில்லை. கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படியும், கீபோர்டு இல்லையென்று நின்றுவிடாதபடியும் முதல் நாளே பயாஸில் மாற்றி வைத்திருந்தேன். இரண்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு ஒருநாள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை 5 வரை. சாயந்திரம் கரண்ட் வந்தது, சர்வர் வரவில்லை. அப்பாவை ஏணியில் ஏறிப் பொத்தானை அமுக்கச் சொன்னேன். “ஃபேன் சுத்துதுப்பா” என்றார். ஆனாலும் உள்ளே போக முடியவில்லை.

வெள்ளி ராத்திரி பஸ் பிடித்து ஊருக்குப் போய், சிபியூவைப் பரணிலிருந்து இறக்கி, ஹால் டிவியில் விஜிஏ கேபிளைச் செருகினேன். அம்மாவின் சீரியல் நேரம் வேறு. திரையில் இரண்டு வரி. பயாஸ் அமைப்புகள் அழிந்து பழையபடி ஆகிவிட்டன என்று ஒன்று. கீபோர்டைக் காணவில்லை, தொடர எஃப்1 அழுத்தவும் என்று இன்னொன்று. அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “எதை அழுத்தச் சொல்றான்?” என்றார்.

காரணம், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர் 2032. அது எப்போதோ செத்துப்போயிருக்கிறது. பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அந்த மின்சாரமே அமைப்புகளைக் காப்பாற்றிவிடும், பேட்டரி போனது வெளியே தெரியாது. எட்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் போன அன்றுதான் குட்டு உடைந்தது. முப்பது ரூபாய் பேட்டரிக்காக போக வர பஸ் டிக்கெட். எனவே மானிட்டரைக் கழற்றுவதற்கு முன் புது பேட்டரி போடுங்கள். அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் செருகி, தானாக எழுகிறதா என்று பாருங்கள்.

‘ஐபிஎம்ஐ (தூரத்திலிருந்தே பயாஸ் வரை பார்த்து மாற்றும் வசதி) இருக்கும் போர்டு வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே’ என்று யாராவது கிளம்பி வருவார்கள். தெரியும் சார். அந்த போர்டின் விலைக்கு நான் இன்னொரு முழு கணினியே வாங்கிவிடுவேன்.

என்னிடம் ஏன் மானிட்டரே இல்லை என்று கேட்கலாம். இருந்தது. 2020-இல் பையனின் ஆன்லைன் கிளாஸுக்கு என்று மச்சான் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பையன் இப்போது காலேஜ் போகிறான். போன பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், அதில் சிசிடிவி ஓடுகிறது. வாசலில் நான் செருப்பைக் கழற்றுவதை என் மானிட்டரிலேயே பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். கேட்டால் வீட்டுக்காரி முகம் மாறிவிடும்.

இன்னொன்று. தூரத்திலிருந்து ஃபயர்வாலில் (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் காவல்) கை வைக்கும்போது முதலில் எஸ்எஸ்எச் நுழையும் வாசலான 22-ஆம் போர்ட்டைத் திறந்து விடுங்கள். பத்து நிமிடத்தில் ஃபயர்வால் தானாக அணைகிற மாதிரி ஒரு கட்டளையையும் முன்கூட்டியே போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் உங்களையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வீர்கள். இதற்காகவும் ஒரு தடவை ஊருக்குப் போயிருக்கிறேன்.