டர்ன்ஸ்டைல் மாறிவிட்டது, நான் கச்சேரிக்குப் போகவா?

கேள்வி: எனக்கு 29 வயது. அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வந்த புதிதில் என் ரூம்மேட்தான் டர்ன்ஸ்டைல் என்ற பால்டிமோர் ஹார்ட்கோர் பங்க் (வேகமாக, கத்திப் பாடுகிற ராக்) குழுவை அறிமுகப்படுத்தினான். 2018-இல் 'டைம் அண்ட் ஸ்பேஸ்' ஆல்பம் வந்த சமயம், ஒரு சின்ன கிளப்பில் பார்த்தோம். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் தடுப்பே கிடையாது. பாடகர் மைக்கை நீட்டினார், முன்னால் நின்ற பத்துப் பேரோடு நானும் கத்தினேன். ஊரில் ஒருத்தரையும் தெரியாத எனக்கு அன்றைக்குத்தான் இங்கே நமக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றியது. 2025-இல் வந்த 'நெவர் எனஃப்' ஆல்பத்தில் சின்தசைசர், புல்லாங்குழல், மிதந்துகொண்டே போகிற பாட்டுகள். ஆத்திரத்தில் பாடகரின் பதிவுக்குக் கீழே "காசுக்கு விலை போய்விட்டீர்கள்" என்று எழுதினேன். ரூம்மேட்டுக்கு ஆல்பம் பிடித்திருக்கிறது. அதிலேயே சண்டை வந்து இப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் ஒரு பெரிய அரங்கக் கச்சேரிக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறான். என் கோபம் நியாயமா? போகவா, வேண்டாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நியூ ஜெர்சி

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

டிக்கெட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த கமெண்ட்டை அழித்துவிடுங்கள். ஆல்பம் பிடிக்காமல் போனதற்காகச் சொல்லவில்லை, அது உங்கள் காது, உங்கள் உரிமை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்தேன், அதில் காசைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சின்தசைசர், புல்லாங்குழல், வேகம் குறைந்தது, இவ்வளவுதான் இருக்கிறது. மனசில் இருக்கும் குறை ஒன்று, எழுதிய குற்றச்சாட்டு வேறொன்று.

கணக்கும் சரியாக வரவில்லை. நீங்கள் அந்த கிளப்பில் கத்திப் பாடிய 'டைம் அண்ட் ஸ்பேஸ்' ஆல்பத்தை வெளியிட்டதே ரோட்ரன்னர்தான். வார்னர் குழுமத்துக்குச் சொந்தமான நிறுவனம் அது. அன்றைக்கே பெரிய கம்பெனிதான். அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டில் டிப்ளோ வேலை செய்திருக்கிறார், பாப் நட்சத்திரங்களுக்கு ஹிட் கொடுத்த அதே டிப்ளோ. கடும் பாட்டுகளுக்கு நடுவில் குட்டிக் குட்டியாக, கிட்டத்தட்ட லவுஞ்ச் இசை மாதிரி துண்டுகளும் உண்டு. அப்போது அதெல்லாம் உங்களுக்கு உறுத்தவில்லை. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன், அதில்தான் உங்கள் கேள்விக்கான பதிலே இருக்கிறது.

பங்க் ரசிகர்களுக்குக் காசு பற்றியது, ஒலி பற்றியது என்ற இந்த இரண்டு கோபமும் ஒட்டிக்கொண்டே வருவதற்குக் காரணம் இருக்கிறது, அதைக் கேலி செய்ய மாட்டேன். யார் காசில் பதிவு செய்தாய், டிக்கெட்டை என்ன விலைக்கு விற்றாய், எந்த ஹாலில் வாசித்தாய் என்பதும் இந்த இசையின் ஒரு பகுதி. 1977-இல் ஆங்கிலேய பங்க் குழுவான தி கிளாஷ், சிபிஎஸ் என்ற பெரிய ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டபோது, முதல் ஆல்பம் வெளிவருவதற்கு முன்னாலேயே, பங்க் செத்துவிட்டது என்று லண்டனில் எழுதினார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 924 கில்மன் தெரு என்று ஒரு ஹால் இருக்கிறது, தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துவது. பெரிய கம்பெனியில் இருக்கும் குழு அங்கே வாசிக்கக் கூடாது என்பது அப்போது விதி. கிரீன் டே குழு அந்த ஹாலில் வளர்ந்த பையன்கள்தான். ரிப்ரைஸ் என்ற பெரிய கம்பெனியில் சேர்ந்து, 1994-இல் 'டூக்கி' ஆல்பத்தைக் கொண்டுவந்த அவர்களுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. மறுபடி அந்த மேடையில் ஏற 2015 ஆயிற்று, அதுவும் தீ விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதி திரட்டுகிற நிகழ்ச்சிக்காக. அந்த விதி கடுமையானது, ஆனால் நேர்மையானது என்பது என் எண்ணம். எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த விதி, தெரிந்தேதான் போனார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு காரணத்தைக் காட்ட முடியும். புல்லாங்குழல் அப்படிப்பட்ட காரணம் ஆகாது.

ஒலிக்கு வருவோம். பங்க் எப்போதுமே கலப்படம்தான். கிளாஷின் முதல் ஆல்பத்திலேயே ஜமைக்கா பாடகர் ஜூனியர் மர்வினின் ரெக்கே பாட்டு ஒன்று ஆறு நிமிஷத்துக்கு ஓடுகிறது. ஹார்ட்கோருக்கு இலக்கணம் என்று எல்லாரும் சொல்கிற பேட் பிரெயின்ஸ், வாஷிங்டன் டி.சி.யில் ஜாஸ் ஃபியூஷன் குழுவாக ஆரம்பித்தது. அவ்வளவு வேகமாக, அவ்வளவு துல்லியமாக அவர்களால் வாசிக்க முடிந்ததே அந்தப் பயிற்சியால்தான். முதல் ஆல்பம் கரடுமுரடாக இருப்பது பல சமயம் கொள்கை கிடையாது, பட்ஜெட். சில நாள் ஸ்டுடியோ, இரவல் ஆம்ப், வருஷக்கணக்காக வாசித்து வாசித்துத் தேய்ந்த பாட்டுகள். அப்புறம் என்ன ஆகும்? டிரம்மர் கை தேறும். பாடகருக்கு முப்பது வயது தாண்டும், அடித்தொண்டையில் கத்தினால் மறுநாள் பேச்சு வராது. வேனில் நாள் முழுக்க உட்கார்ந்து வேறு வேறு இசையைக் கேட்பார்கள், கேட்டது விரலில் இறங்கும். பத்து வருஷம் தினமும் வாசித்துவிட்டு ஒருவர் முதல் நாள் மாதிரியே வாசித்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

தொண்டை என்றதும் ஜாபிரேக்கர் என்ற பங்க் குழு ஞாபகம் வருகிறது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் வருத்துகிற கதை அவர்களுடையதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூன்று பேர், சான் பிரான்சிஸ்கோ. பாடகர் பிளேக் ஷ்வார்ட்ஸன்பாக்குக்குக் குரல் நாணில் சதை வளர்ந்து, ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே அறுவை சிகிச்சை செய்தார்கள். கரகரத்த அந்தக் குரலுக்காகவே உயிரை விடுகிற ரசிகர் கூட்டம் இருந்தது. பெரிய கம்பெனிக்குப் போகவே மாட்டோம் என்று மேடையிலேயே சொன்ன குழு அது. பிறகு டிஜிசி என்ற பெரிய கம்பெனியில் சேர்ந்து, 'டூக்கி'யைத் தயாரித்த ராப் கவல்லோவை வைத்துக்கொண்டு, 1995-இல் 'டியர் யூ' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். கிட்டார் பளிச்சென்று கேட்டது, குரல் தெளிந்திருந்தது, வேகம் இறங்கியிருந்தது. கச்சேரிகளில் புதுப் பாட்டு ஆரம்பித்ததும் மேடைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தவர்கள் உண்டு. காசு கொடுத்து உள்ளே வந்து, முன்வரிசையில் இடம் பிடித்து, முதுகைக் காட்டி உட்காருவது. பாடுகிறவன் அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டுதான் பாட வேண்டும், அதுவும் எழுதியதிலேயே மிகத் தனிமையான, மிகத் துக்கமான பாட்டுகளை. அந்தப் பாட்டுகள் காசுக்காக எழுதியவை என்று இன்றைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆல்பம் விற்கவில்லை. 1996-இல் குழு உடைந்தது. ரசிகர்களின் கோபம் மட்டும்தான் உடைத்தது என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்குள்ளேயே பிணக்கு இருந்தது. ஆனால் அந்த முதுகுகளுக்கும் அதில் ஒரு பங்கு இருந்தது என்றுதான் நினைக்கிறேன். பிறகு 'டியர் யூ' கடையில் கிடைக்காமல் போய், தேடித் தேடிக் கேட்கிற ஆல்பமாகி, 2004-இல் டிரம்மரே தன் சின்ன நிறுவனம் வழியாக மறுபடி வெளியிட்டார். 2017-இல் சிகாகோவில் ரயட் ஃபெஸ்ட் என்ற இசை விழாவில் மறுபடி சேர்ந்தார்கள். 2022-இல் அந்த ஆல்பத்தின் நினைவாகவே ஒரு சுற்றுப்பயணம் போனார்கள். 1995-இல் இருபது வயதில் அவர்களைத் தேடிப் போன ஒரு ரசிகருக்கு 2022-இல் நாற்பத்தேழு. நடுவில் போன வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

ஆனால் ரசிகர் எப்போதும் தப்பு, காலம் கலைஞன் பக்கம்தான் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பேட் ரிலிஜன் என்ற பங்க் குழு 1983-இல் கீபோர்டு நிரம்பி வழிகிற ஓர் ஆல்பம் போட்டார்கள். 10,000 பிரதி அச்சடித்து, கிட்டத்தட்ட அத்தனையும் திரும்பி வந்தது. பாடகர் கிரெக் கிராஃபினுக்கு அப்போது 19 வயதுதான். 1985-இல் பழைய பாணிக்கே திரும்பினார்கள், 1988-இல் 'சஃபர்' வந்தது, அதற்குப் பிறகு வந்த பங்க் தலைமுறை அதைப் பார்த்துத்தான் வாசிக்கக் கற்றது. அங்கே ரசிகர்கள் சொன்னது சரி. 1985-இல் கிளாஷ் பெயரில் வந்த கடைசி ஆல்பமும் அப்படித்தான். கிட்டாரிஸ்ட் மிக் ஜோன்ஸையும் டிரம்மர் டாப்பர் ஹெடனையும் வெளியே அனுப்பிவிட்டுச் செய்தது, கேட்க எனக்கே கஷ்டமாக இருக்கும். இதற்கு நேர் எதிராக பிளாக் ஃபிளாக் என்ற ஹார்ட்கோர் குழுவின் 'மை வார்' ஆல்பம் இருக்கிறது. 1984-இல் வந்த அந்த இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுக்க மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் ஆறு நிமிஷத்துக்கு மேல், ஊர்ந்து ஊர்ந்து போகும். வேகத்துக்காக வந்தவர்களுக்கு அது சித்திரவதை. ஆனால் மெல்வின்ஸ் மாதிரியான குழுக்கள் அந்தப் பக்கத்தில் ஊறித்தான் தங்கள் இசையைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள், எந்த பாட்டில், எந்த இடத்தில் என்று சொல்லுங்கள். அதற்கு யாரும் பதில் சொல்ல முடியும், உங்கள் ரூம்மேட் உட்பட. துரோகம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் பேச ஒன்றும் மிச்சமில்லை.

இப்போது, 2018-இல் டிப்ளோ ஏன் உறுத்தவில்லை என்ற கேள்வி. தடுப்பு இல்லாத மேடை உங்கள் எதிரில் இருந்தது, மைக் உங்கள் வாயருகில் இருந்தது, பக்கத்தில் நண்பன் இருந்தான். அந்த ராத்திரி அவர்கள் எதை வாசித்திருந்தாலும் அது உங்கள் பாட்டாகத்தான் இருந்திருக்கும். ஹார்ட்கோர் கச்சேரியில் ரசிகன் பாதிப் பாடகன். மேடையில் ஏறுவான், குதிப்பான், வரியை அவனே பாடுவான், விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் தூக்கிவிடுவான். அந்த உறவு வேறு எந்த ராக் கச்சேரியிலும் இந்த அளவுக்குக் கிடையாது. குழு வளர்ந்தால் ஹால் பெரிதாகும், காப்பீட்டுக்காகத் தடுப்பு வரும், பாதுகாவலர்கள் வருவார்கள், நீங்கள் இருபதடி தள்ளி நிற்பீர்கள். இது நிஜமான இழப்பு, இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் இந்த இழப்புக்குப் புல்லாங்குழல் வாசித்த ஷபாகா ஹட்சிங்ஸ் என்ன செய்வார் பாவம்? 'டைம் அண்ட் ஸ்பேஸ்' மாதிரியே இன்னொரு ஆல்பம் போட்டிருந்தாலும் கூட்டம் பெருகியிருந்தால் தடுப்பு வந்திருக்கும். ஆல்பத்தின் மேல் நீங்கள் காட்டுகிற கோபத்தில் முக்கால்வாசி அந்தச் சின்ன கிளப்பையும், 22 வயதையும், நாட்டுக்குப் புதிதாக வந்த அந்தத் தனிமையில் கிடைத்த தோழமையையும் பற்றிய ஏக்கம் என்று எனக்குப் படுகிறது. அந்தத் தோழமையைக் கொடுத்தவனோடுதான் இப்போது பேசாமல் இருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'நெவர் எனஃப்' வெளிவருவதற்கு முந்தின மாதம், 2025 மே மாதத்தில், டர்ன்ஸ்டைல் தங்கள் ஊரான பால்டிமோரில் வைமன் பார்க் டெல் என்ற பூங்காவில் ஓர் இலவசக் கச்சேரி நடத்தினார்கள். வீடில்லாதவர்களுக்கு மருத்துவம் பார்க்கிற ஓர் அமைப்புக்கு அங்கே நிதி திரட்டினார்கள். ஆயிரக்கணக்கில் ஜனம். அந்த வீடியோவைப் பாருங்கள். டிக்கெட் இல்லாத திறந்த வெளி, முன்னால் சின்னப் பிள்ளைகள், பின்னால் பழைய ஹார்ட்கோர் ஆட்கள். விலை போனவர்கள் செய்கிற காரியமா இது? எந்த ஹாலில், யாருக்காக என்ற பழைய பங்க் கேள்விக்கு இன்றைய அளவில் அவர்கள் கொடுத்திருக்கும் பதில் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆல்பத்தை மறுபடி கேட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த மாட்டேன். கேட்பதாக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள், பழைய ஆல்பத்தை அடுத்துப் போடாமல், வேறு யாரோ புதுக் குழு என்று நினைத்து, ஒரே மூச்சில் முழுசாகக் கேளுங்கள். 'லுக் அவுட் ஃபார் மீ' பாட்டின் பின்பாதியில் தாளம் மாறுகிற இடத்தைக் கவனியுங்கள். அது பால்டிமோர் கிளப் இசை, அந்த ஊர் நடனக் கூடங்களில் பிறந்த தாளம். வெளியிலிருந்து இரவல் வாங்கியது கிடையாது, அவர்கள் தெருவிலேயே இருந்தது. அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 2018 ஆல்பத்தை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போகவில்லை. அதோடு, அந்தச் சின்ன ஹால்களை மறந்துவிடாதீர்கள். நியூ ஜெர்சியிலும் பிலடெல்பியாவிலும் தடுப்பில்லாத மேடையில் வாசிக்கிற இளம் குழுக்கள் இப்போதும் இருக்கின்றன, அவர்களுக்குத்தான் உங்கள் இருபது டாலர் அதிகம் தேவை.

கச்சேரிக்குப் போங்கள். இன்றைக்கே ரூம்மேட்டுக்கு போன் செய்யுங்கள், மெசேஜ் வேண்டாம், எழுத்தில் மறுபடி ஆல்பம் சண்டைதான் கிளம்பும். டிக்கெட் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். புதுப் பாட்டு வரும்போது கை தட்ட மனசில்லை என்றால் சும்மா நில்லுங்கள், மேடையைப் பார்த்து நில்லுங்கள். பழைய பாட்டு ஆரம்பித்ததும் முன்னால் நகர வேண்டியிருக்கும், அதனால் சீக்கிரமே போய்த் தடுப்புக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிடுங்கள். காதுக்கு அடைப்பான் இரண்டு ஜோடி எடுத்துப் போங்கள், அவர் மறந்துவிட்டு வருவார்.