அடுத்த லேப்டாப்பில் என்னென்ன கேட்கலாம்? கேள்வி பதில்

கேள்வி: ரேமை போர்டிலேயே சால்டர் பண்ணிவிடுகிறார்கள். காசு பார்க்கும் வேலைதானே சார் இது? பழையபடி ஸ்லாட் வைத்தால் என்ன?

பாதிதான் உண்மை. அப்படி சால்டர் பண்ணும் ரேம் வகையான எல்பிடிடிஆர்5எக்ஸ் சிப்புகள் குறைந்த மின்னழுத்தத்தில் 7500, 8533 எம்டி/எஸ் (நொடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம்) வேகத்தில் ஓடுபவை. நீங்கள் சொல்லும் பழைய ஸ்லாட்டின், அதாவது எஸ்ஓ-டிம்மின், நீண்ட தடங்களில் அந்த வேகத்துக்கு சிக்னல் தாங்காது. சாதாரண டிடிஆர்5 எஸ்ஓ-டிம் பெரும்பாலும் 5600-லேயே நிற்பது அதனால்தான்.

ஆனால் "வேறு வழியில்லை" என்று இனி யாரும் சொல்ல முடியாது. கழற்றி மாற்றக்கூடிய ரேம் மாட்யூலுக்கான கேம்2 தரத்தை, மெமரி தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டது. அதில் எல்பிகேம்2 என்ற வகை, போர்டின்மேல் தட்டையாகப் படுத்துத் திருகுகளால் இறுக்கப்படும்; ஒரே மாட்யூலில் 128 பிட் அகலத் தரவுப் பாதை. 2024-ல் லெனோவோவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறை இதோடுதான் வந்தது. கேட்பதானால் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இதிலும் ஒரு சங்கடம் உண்டு. 16 ஜிபிக்குப் பக்கத்தில் இன்னொரு 16 செருக முடியாது. பழையதைக் கழற்றிவிட்டு 32 ஜிபி மாட்யூலாகவே வாங்க வேண்டும். மாற்றும்போது பேட்டரி இணைப்பை முதலில் எடுத்துவிடுங்கள், தொடுமுனைகளில் விரல் படக்கூடாது, திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் மறுபக்கத் தொடர்பு விட்டுப்போய் மெஷின் பூட் ஆகாது.

இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் எதைக் கேட்டும் பயனில்லை. ரேம் ப்ராசஸர் பேக்கேஜிலேயே இருக்கிறது. 16 அல்லது 32 ஜிபி, வாங்கும்போதே முடிவாகிவிடும்.

கேள்வி: 150 வாட்-அவர் பேட்டரி ஏன் வருவதில்லை?

விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோக 100 வாட்-அவர்தான் வரம்பு. பெரிய மாடல்கள் 99-ஐ ஒட்டி நிற்பதற்கு அதுவே காரணம். அதற்குப் பதில் இரண்டு கேளுங்கள்: பசைக்குப் பதில் திருகு, 80 சதவீத சார்ஜ் வரம்பு பயாஸிலேயே (ஓஎஸ்ஸுக்கு முன்பே ஓடும், போர்டில் பதிந்த மென்பொருள்). வரம்பு கம்பெனி மென்பொருளில் மட்டும் இருந்தால், வேறு ஓஎஸ் போட்ட அன்றே அது போய்விடும்.

கேள்வி: அண்ணா, யுஎஸ்பி-சி போர்ட் லூசாகிவிட்டது. போர்டையே மாற்றச் சொல்கிறார்கள்.

முதலில் அணைத்துவிட்டு, மெல்லிய மரக்குச்சியால் துளையின் ஆழத்தில் இருக்கும் பஞ்சைச் சுரண்டி எடுங்கள். உலோக ஊசி வேண்டாம். பிறகு பிளக் 'டக்' என்று உட்கார்ந்தால் போர்ட்டில் கோளாறே இல்லை. உட்காராவிட்டால் போர்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் சால்டர் விட்டிருக்கிறது.

தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியது, சார்ஜிங் போர்ட்டைத் தனிச் சிறு போர்டில் வைக்கச் சொல்லி. தேய்வது அதுதான், அதற்காக ப்ராசஸரோடு சேர்த்து மாற்றுவது அநியாயம். கேமிங் மாடலுக்கும் யுஎஸ்பி-சி சார்ஜர் கேட்கலாம்: 2021-ல் வந்த பிடி 3.1 (யுஎஸ்பி பவர் டெலிவரி என்ற சார்ஜிங் தரம்), 48 வோல்ட், 5 ஆம்பியர், அதாவது 240 வாட் வரை தருகிறது. கேபிளும் 240 வாட் குறியோடு இருக்க வேண்டும்.

கேள்வி: மூடியைத் திறந்தால் மூலையில் பிளாஸ்டிக் பிளக்கிறது.

திறப்பதை உடனே நிறுத்துங்கள். கீல் இறுகிப்போய், அந்த இழுப்பு முழுவதும் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டுகள்மேல் விழுகிறது. அடிமூடியைக் கழற்றி, கீல் அச்சில் நட் இருந்தால் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். பித்தளை பிடுங்கி வந்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரு பாக எபாக்ஸி வைத்து, 24 மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். சூப்பர் க்ளூ நொறுங்கும். கீல் இறுக்கத்தைத் தளர்த்தாமல் ஒட்டினால் மறுபடி அதே இடத்தில்தான் பிய்யும்.

கேட்க வேண்டியது: கீல் உலோகச் சட்டத்தில் நேராகத் திருகப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: வைஃபை கார்டு மாற்ற முடியுமா?

கார்டு போர்டில் சால்டர் ஆகாமல், எம்.2 2230 என்ற சிறு ஸ்லாட்டில் இருந்தால் முடியும். ஏஎம்டி ப்ராசஸர் மெஷினுக்கு இன்டெலின் ஏஎக்ஸ்210 கார்டு வாங்குங்கள். ஏஎக்ஸ்211 இன்டெல் ப்ராசஸரோடு மட்டுமே வேலை செய்யும்.