ஐ.நா.வின் உலகளாவிய காலமுறை ஆய்வில் (UPR) ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் மற்ற நாடுகள் பார்த்துப் பரிந்துரைகள் தரும். அதற்கு ஒரு நாடு "கவனத்தில் கொள்கிறோம்" என்றால் ஏற்றதா, மறுத்ததா?

ஏற்கவில்லை என்றே கணக்கில் வையுங்கள். ஐ.நா. மனித உரிமை மன்றம் 2007-இல் வகுத்த விதிப்படி, ஒரு நாடு ஆதரிக்கும் பரிந்துரைகள் தனியாகக் குறிக்கப்படும். மற்றதெல்லாம் "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதிவாகும். நிராகரிப்பு என்று ஒரு வகையே அங்கே கிடையாது.

தர்மபுரி கருத்தரங்குக்கு எழுதும் கட்டுரையில் 339 பரிந்துரைகளையும் இந்தியா ஏற்றதுபோல் வருகிறது என்றீர்கள். இந்தியா பற்றிய 2022 நவம்பர் ஆய்வின் பணிக்குழு அறிக்கையை மட்டும் பார்த்திருப்பீர்கள். அதில் மற்ற நாடுகள் கேட்டவைதான் வரிசையாக இருக்கும். இந்தியாவின் பதில் 2023-இல் தனி இணைப்பாக வந்தது: 221 ஏற்பு, மீதி 118 கவனத்தில்.

1. அறிக்கை, இணைப்பு இரண்டையும் அச்செடுங்கள். நான் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் எடுத்து, ஏற்றவற்றுக்குப் பச்சை மையில் கோடு போட்டேன். கோடு விழாத வரிகள்தான் நிறையப் பேசின.
2. பரிந்துரை எண்ணை வைத்து ஒப்பிடுங்கள், நாட்டின் பெயரை வைத்து வேண்டாம். ஒரே நாடு பல பரிந்துரைகள் கொடுத்திருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். ஏற்பு என்பது வாக்குறுதிதான், கட்டாயப்படுத்த யாரும் இல்லை. 1997-இல் கையெழுத்திட்ட சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையை இந்தியா இன்னும் உறுதிசெய்யவில்லை. சட்டமே இருந்தாலும் போதாது: குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இலேயே வந்துவிட்டது, எங்கள் அஞ்செட்டி மலைக் கிராமங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இன்னும் தாலி கட்டுகிறார்கள். அதனால் "ஏற்றது" என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும், பிறகு என்ன நடந்தது என்று ஒரு வரி சேருங்கள்.