பெல்லட் முழுசாக உள்ளே போகவில்லையா?

பேரலை (குழலை) மடக்கி லோட் செய்யும் 0.177 அங்குல, அதாவது 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளில் (காற்றுத் துப்பாக்கியில்) பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, பாதியிலேயே நிற்கிறது, மூடினால் பின்விளிம்பு நசுங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். துப்பாக்கியைச் சந்தேகப்படும் முன் பெல்லட் டப்பாவைப் பாருங்கள். எல்லாமே 4.5 மி.மீ. என்றாலும் தலைப்பகுதி 4.50, 4.51, 4.52 என்று வித்தியாசப்படும். இப்போது இருப்பது பெரிய அளவு என்றால் 4.50 வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஈயம் மிருதுவானது, டப்பா கீழே விழுந்தாலே பின்விளிம்பு நெளிந்துவிடும். கண்ணாடி மேல் உருட்டினால் கோணலானது தெரிந்துவிடும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம், பேரலில் பெல்லட் வைக்கும் பின்வாயில் ஈயத் துகள் ஒட்டியிருக்கும். துணித்துண்டை அங்கிருந்து முன்பக்கமாக இழுத்துத் துடையுங்கள். சாதாரண எண்ணெய் விடவே வேண்டாம். சுடும்போது உள்ளே அழுத்தத்தில் பற்றிக்கொண்டு, காற்று கசியாமல் அடைக்கும் ‘சீல்’ பாகத்தைக் கெடுத்துவிடும்.

பெல்லட்டை வைக்கும்போது இன்னொரு கையால் பேரலை இறுகப் பிடித்திருங்கள். ஸ்பிரிங் விடுபட்டால் பேரல் படாரென்று மூடி விரலை நசுக்கிவிடும், தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம்.

இதற்குப் பிறகும் சிக்கினால் பின்வாய் விளிம்பில் பிசிறு இருக்கலாம். டார்ச் அடித்துப் பாருங்கள். நீங்களே அரம் போடாமல், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.