வேள்பாரிக்கு அப்புறம்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். சு. வெங்கடேசனின் வேள்பாரி நாவலை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அப்புறம் வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. பொன்னியின் செல்வன் என்றால் உயிரை விடும் என் அப்பத்தா, "இதெல்லாம் நெசமா நடந்துச்சா?" என்று கேட்கிறார்கள். எது வரலாறு, எது கற்பனை என்று தேடிப் போனால் ரசனை கெட்டுவிடுமா? அடுத்து, மகாபாரதத்தை நாவல்களாகச் சொல்லும் வெண்முரசு படிக்க ஆசை. 26 நாவல்கள் என்றதும் மலைப்பாக இருக்கிறது.

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகத் தேடுங்கள். ரசனை கூடத்தான் செய்யும்.

பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை உங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. சிங்கம்புணரி வழியாகப் போகலாம். போவதற்கு முன் புறநானூற்றில் 105 முதல் 120 வரை உரையோடு படித்துவிடுங்கள். 112 பாரி மகளிர் பாடியது, மற்றவை கபிலருடையவை. 109இல் மலையைச் சூழ்ந்து நிற்கும் மூவேந்தரிடமே கபிலர் பேசுகிறார்: உழாமலே மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கும் கிடைக்கிற மலை இது, வாளால் வாங்க முடியாது, யாழ் மீட்டிப் பாடி வந்தால் தந்துவிடுவான். எவ்வளவு கம்பீரம்! ஆனால் மலைக்குள் இருந்தவர்களின் அன்றாடம் எப்படிப் போனது, யார் எங்கே காவல் நின்றார்கள் என்பதெல்லாம் பாட்டில் இல்லை. அந்த இடத்தில்தான் சு. வெங்கடேசன் ஒரு முழுக் காட்டையே எழுப்புகிறார். விகடனில் நூறு வாரங்களுக்கு மேல் ஓடிய அந்தத் தொடரின் பிரம்மாண்டம், கபிலர் பாடல்களைப் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் எனக்கு முழுசாகப் பிடிபட்டது.

நாவலில் வடக்கையே பார்த்து உட்காரும் விலங்கு வருகிறதே, அந்தக் குணம் கற்பனை. ஆனால் தேவாங்கு என்ற விலங்கு நிஜம். கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் அதற்கென்றே 2022இல் கடவூர் சரணாலயம் அறிவித்தார்கள். நம் மண்ணில் இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தாவுகிற இந்த வகை மிகுபுனைவு (ஃபேன்டஸி) எனக்கு மிகவும் பிடிக்கும்.

அப்பத்தாவிடம் சொல்லுங்கள்: ஆதித்த கரிகாலன் கொலை நடந்ததுதான், உடையார்குடிக் கல்வெட்டில் கொலையாளிகளில் ஒருவனாக ரவிதாசன் பெயரே இருக்கிறது. நந்தினி மட்டும் கல்கியின் படைப்பு.

சரி, வெண்முரசு. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை இணையத்தில் தினம் ஓர் அத்தியாயமாக வெளியிட்டது. நீங்களும் அப்படியே படிக்கலாம், ஒரே மூச்சு வேண்டாம். முதற்கனலில் தொடங்குங்கள். அம்பையின் பகுதிகளைப் படித்ததும் எனக்கு எழுதுங்கள்.