லாக் கோப்பிலிருந்து வேலை நேரத்தைக் கணக்கிடுவது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் சர்வரில் வாடிக்கையாளர்களுக்கு ரசீது தயாரிக்கும் நிரல் ஒன்று இயங்குகிறது. ஒவ்வொரு ரசீதுக்கும் வேலை தொடங்கும்போது ஒரு வரியும் முடியும்போது ஒரு வரியும், நிரல் தன் நடப்புகளை நேரத்துடன் குறித்து வைக்கும் லாக் கோப்பில் பதிவாகும். முதல் தொடக்கத்தை முதல் முடிவுடனும், இரண்டாவது தொடக்கத்தை இரண்டாவது முடிவுடனும் இணைத்துக் கழித்துப் பார்த்தேன். சராசரி நம்பும்படியாகவே இருக்கிறது. ஆனால் மூன்று நிமிடம் காத்திருந்ததாகப் புகார் கூறியவரின் ரசீது என் கணக்கில் அகப்படவில்லை. மேலும் இரண்டு வேலைகளுக்குக் கழித்தல் குறியுடன் விடை வருகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: வரிகளை அவை நிற்கும் வரிசையை வைத்து இணைத்ததே முதல் தவறு. ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் என்றால் உங்கள் முறை சரியாக இருந்திருக்கும். ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும் சர்வரில் அது பொருந்தாது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். முதல் ரசீது வேலை 10:00:00 மணிக்குத் தொடங்கி 10:03:00 மணிக்கு முடிகிறது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே 10:00:40, 10:01:30, 10:02:20 ஆகிய நேரங்களில் வேறு மூன்று வேலைகள் தொடங்கி, ஒவ்வொன்றும் பத்தே விநாடியில் முடிந்துவிடுகின்றன. உண்மையான நேரங்கள் 180, 10, 10, 10 விநாடிகள். உங்கள் முறையிலோ முதல் தொடக்கம் 10:00:50 மணி முடிவுடன் சேர்கிறது, அடுத்தது 10:01:40 மணி முடிவுடன் சேர்கிறது. இப்படியே போனால் 50, 60, 60, 40 விநாடிகள் என்று விடை வரும். இரண்டிலும் கூட்டுத்தொகை 210, சராசரி 52.5. முடிவு நேரங்களின் கூட்டுத்தொகையிலிருந்து தொடக்க நேரங்களின் கூட்டுத்தொகையைக் கழிப்பதால், எதை எதனோடு இணைத்தாலும் மொத்தம் மாறாது. ஆகவே சராசரி சரியாக இருப்பது இணைப்பு சரியென்பதற்குச் சான்றாகாது. புகார் செய்தவரின் மூன்று நிமிடம் மற்ற மூவரின் கணக்கில் பங்கு பிரிந்து மறைந்துவிட்டது. அவர் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அவரிடம் தயவுசெய்து அப்படியே சொல்லுங்கள்.

இதற்குத் தீர்வு, வேலை தொடங்கும்போதே அதற்கென ஓர் ஐடியை, அதாவது தனி அடையாளத்தை, உருவாக்கி, தொடக்க வரியிலும் முடிவு வரியிலும் அதை எழுதி, அந்த ஐடியை வைத்து மட்டுமே இணைப்பது. ரசீது எண்ணையே ஐடியாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் தோல்வியடைந்த ரசீதை நிரல் மறுபடி முயன்றால் ஒரே எண்ணில் இரண்டு தொடக்கங்கள் இருக்கும். லாக்கை டேட்டாபேஸில் ஏற்றி, ஐடி வாரியாகத் தொகுத்து, முதல் வரியின் நேரத்தைக் கடைசி வரியின் நேரத்திலிருந்து கழித்தால், இடையில் சும்மா இருந்த நேரமும் வேலை நேரமாகிவிடும். எனவே ரசீது எண்ணுடன் எத்தனையாவது முயற்சி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கழித்தல் குறி கடிகாரத்தால் வந்திருக்கலாம். சர்வரின் கடிகாரத்தை நெட்வொர்க் வழியே சரிசெய்யும்போது அது சில சமயம் பின்னுக்கு நகர்த்தப்படும். தொடக்கத்தை ஒரு சர்வரும் முடிவை இன்னொன்றும் எழுதினாலும் இரண்டு கடிகாரங்களின் வேறுபாடு விடையில் கலந்துவிடும். 2016 டிசம்பர் 31 நள்ளிரவில் உலக நேரத்துடன் ஒரு லீப் விநாடி (பூமியின் சுழற்சியோடு பொருந்தக் கூட்டப்படும் கூடுதல் விநாடி) சேர்க்கப்பட்டபோது, கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் நிரலில், அதாவது இணையதளப் பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் நிரலில், கால வேறுபாடு பூஜ்யத்துக்குக் கீழே போய், அந்த நிரலின் ஒரு பகுதி செயலிழந்தது. காலம் பின்னோக்கிச் செல்லாது என்று நிரல் நம்பியிருந்ததே காரணம். அது எழுதப்பட்ட கோ (Go) என்ற நிரல்மொழியில், 2017இல் வந்த 1.9 பதிப்பிலிருந்து கால வேறுபாட்டைக் கணக்கிடப் பின்னோக்கிச் செல்லாத தனிக் கடிகாரம் பயன்படுகிறது. பைத்தானில் டைம்.மோனோடோனிக், ஜாவாவில் சிஸ்டம்.நானோடைம் ஆகியவை இதே பணியைச் செய்கின்றன. இவை தரும் எண்ணுக்கு நாளோ மணியோ கிடையாது. ஒரே இயந்திரத்தில், நிரலின் ஒரே ஓட்டத்துக்குள் எடுத்த இரண்டு எண்களின் வேறுபாட்டுக்கு மட்டுமே பொருள் உண்டு. வேலையைச் செய்யும் நிரலே அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு முடிவு வரியில் எழுதிவிட்டால் கழித்தல் குறி வராது.

அப்படியானால் தொடக்க வரி எதற்கு என்று கேட்பீர்கள். நிரல் நடுவில் செத்துப்போனால் முடிவு வரி எழுதப்படாது. அந்த வேலை நடந்ததற்கு எஞ்சும் ஒரே சாட்சி தொடக்க வரிதான். இணை கிடைக்காத வரிகளைக் குப்பையென்று பலர் நீக்கிவிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். நூறு வேலைகள் தொடங்கி 97 முடிந்திருந்தால், மீதி மூன்றும் செத்துப்போயிருக்கலாம், அல்லது இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அவற்றை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி, மிக மெதுவான வேலைகளை மட்டும் பார்த்துப் பார்த்து விலக்கிய சராசரியாகும். அவற்றை ‘குறைந்தது இவ்வளவு நேரம்’ என்றாவது குறித்து வையுங்கள். நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை லாக்கை வெட்டி எடுக்கும்போதும் இதே கேடு நேரும்: வேலை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அது வெட்டுக்கோட்டைத் தாண்டி நிற்க வாய்ப்பு அதிகம். அன்று தொடங்கிய வேலைகளைத் தேர்ந்து, அவற்றின் முடிவை மறுநாள் லாக்கிலும் தேடுங்கள்.

வேலை தோல்வியடைந்தாலும் முடிவு வரி எழுதப்பட வேண்டும். அதில் வெற்றியா தோல்வியா என்பதும் இருக்க வேண்டும். தொடங்கிய உடனே தோற்ற வேலைகள் கலந்தால் நிரல் வேகமாகிவிட்டதைப் போன்ற தோற்றம் உண்டாகும். சராசரியுடன் நிற்காமல், நூற்றில் 95 வேலைகள் எத்தனை விநாடிக்குள் முடிந்தன என்றும் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் கணினியில் ஊழியர்கள் உள்நுழைந்த, வெளியேறிய பதிவுகளைக் கொண்டு அவர்களின் வேலை நேரத்தைக் கணக்கிடச் சொல்கிறார் எங்கள் மேலாளர். முடியுமா?

பதில்: உள்நுழைவுக்கு 4624, வெளியேற்றத்துக்கு 4634 என்ற எண்களுடன் செக்யூரிட்டி லாக்கில் பதிவுகள் இருக்கும். இரண்டிலும் உள்ள லாகான் ஐடியை (அந்த உள்நுழைவுக்கு விண்டோஸ் தரும் அடையாளத்தை) வைத்து இணைக்கலாம். ஆனால் அந்த ஐடி ஒரே கணினியில், அதுவும் அடுத்த ரீஸ்டார்ட் வரை மட்டுமே தனித்தன்மை உடையது. 4624இல் லாகான் வகை 2 என்றால் கணினி முன் அமர்ந்து நுழைந்தவர். 3 என்றால் நெட்வொர்க் வழி நுழைவு, அதைச் சேர்க்கக் கூடாது. மின்சாரம் போய்க் கணினி அணைந்தால் 4634 வராது. திரையைப் பூட்டியதும் திறந்ததும் 4800, 4801 என்று பதிவாகும். ஆனால் அவற்றைப் பதிவு செய்யச் சொல்லும் தணிக்கை (ஆடிட்) அமைப்பை விண்டோஸில் முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கிடைப்பது ஊழியரின் பயனர் கணக்கு திறந்திருந்த நேரம் மட்டுமே. மதிய உணவுக்குப் பூட்டாமல் எழுந்து போனவருக்கு நேரம் கூடும். காகிதக் கோப்புகளுடன் நாள் முழுதும் உழைத்தவருக்குக் குறையும். இந்த எண்ணைக் கொண்டு ஒருவருடைய சம்பளத்தில் கை வைப்பது அநியாயம் என்பதை மேலாளரிடம் எழுத்திலேயே தெரிவியுங்கள்.