கிரிஸ்பர் சிகிச்சை வந்த பிறகும் கருக்கால ஹீமோகுளோபினைத் தேடி ஏன் இன்னும் ஆயிரக்கணக்கான மரபணு வெட்டுகளைச் செய்கிறார்கள்?

சிவப்பணுக்கள் அரிவாளாக வளையும் அரிவாள் செல் நோய்க்கும், ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பீட்டா தலசீமியாவுக்கும் 2023 நவம்பரிலேயே பிரிட்டன், மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையிலான ஒரு சிகிச்சைக்கு (காஸ்ஜெவி) ஒப்புதல் அளித்துவிட்ட நிலையில், கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்தும் வழிகளுக்கான இந்தத் தேடல் இன்னும் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். இரத்தச் செல்களை ஆராயும் கூடத்தில் பணியாற்றியவள் என்ற முறையில் என் பதில் இது: அந்தச் சிகிச்சை எந்த இடத்தில் வெட்டுகிறதோ அந்த இடத்தின் அருமையைக் காட்டியதே இத்தகைய தேடல்தான், அச்சிகிச்சை எட்டாத பெரும்பான்மை நோயாளிகளுக்கான மருந்தின் இலக்கும் இதே வழியில்தான் தேடப்படுகிறது.

கருவில் இருக்கும்போது நம் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலியோடு காமா சங்கிலி இணைந்திருக்கும்; இதுவே கருக்கால ஹீமோகுளோபின். பிறந்த சில மாதங்களில் காமாவின் இடத்தைப் பீட்டா பிடித்துக்கொள்ளும். இவ்விரு நோய்களிலும் பழுது பீட்டா மரபணுவில் இருப்பதால், காமா உள்ளவரை குழந்தைக்குத் தொல்லை இருப்பதில்லை. அரிவாள் செல் நோயோடு பிறந்த சிசுக்களைக் கருக்கால ஹீமோகுளோபின் காக்கிறது என்று நியூயார்க் மருத்துவர் ஜேனட் வாட்சன் 1948-லேயே கருதினார். அப்படியானால் காமாவை மூடுவது எது என்பதே கேள்வி. 2007, 2008 ஆண்டுகளில் நடந்த மரபணுத்தொகை ஒப்பீட்டு ஆய்வுகள் பி.சி.எல்.11.ஏ என்னும் மரபணுவைச் சுட்டின. அதன் அளவைக் குறைத்தால் காமா உயர்கிறது என்பதை பாஸ்டனில் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்க்கினும் 2008-இல் செல்களில் காட்டினர்.

ஆனால் அந்த மரபணுவை அப்படியே அழித்துவிட முடியாது. பி வகை நோயெதிர்ப்புச் செல்களுக்கும் நரம்புச் செல்களுக்கும் இரத்த ஸ்டெம் செல்களுக்கும் அது தேவை. 2013-இல் டேனியல் பாவர் குழுவினர், அம்மரபணுவின் உள்ளேயே சிவப்பணு வளர்ச்சியின்போது மட்டும் அதைத் தூண்டிவிடும் ஒரு நீண்ட பகுதியைக் கண்டனர். அதில் எந்தச் சில டி.என்.ஏ. எழுத்துகள் இன்றியமையாதவை என்பதை அறிய 2015-இல் அவர்கள் செய்த சோதனை, இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று.

ஜப்பானில் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து உருவாக்கப்பட்ட ஹியூடெப்-2 என்னும் செல்வகையை எடுத்துக்கொண்டு, அப்பகுதி நெடுகிலும் வெட்டக்கூடிய இடம் ஒவ்வொன்றுக்கும் வெட்டும் நொதியை அங்கே கொண்டுசேர்க்கும் ஒரு வழிகாட்டி ஆர்.என்.ஏ. தயாரித்து, பெரும்பாலும் ஒரு செல்லுக்கு ஒன்று மட்டுமே புகும்படி வைரஸ் மூலம் செலுத்தினர். செல்களைச் சிவப்பணுவாக முதிரச் செய்து, கருக்கால ஹீமோகுளோபினை ஒளிரும் எதிர்ப்பொருளால் சாயமேற்றி, மிகுதியாக உள்ளவற்றையும் குறைவாக உள்ளவற்றையும் தனித்தனியே பிரித்தனர். பிறகு இரு கூட்டங்களிலும் எந்த வழிகாட்டி எத்தனை முறை வருகிறது என்று டி.என்.ஏ. வரிசையைப் படித்து எண்ணினர்; மிகுதியான கூட்டத்தில் அதிகம் வரும் வழிகாட்டி வெட்டிய இடமே இன்றியமையாதது. இவ்வளவு நீளப் பகுதியில் ஜி.ஏ.டி.ஏ.1 என்ற புரதம் ஒட்டும் ஒரு சிறு துண்டில் வெட்டு விழுந்தபோதுதான் விளைவு கூர்மையாகத் தெரிந்தது. இன்றைய காஸ்ஜெவி சிகிச்சை குறிவைப்பது அதே இடத்தைத்தான். எலியில் அந்தப் பகுதியின் முக்கிய இடம் வேறாக இருந்தது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எலியை மட்டும் நம்பியிருந்தால் தவறான இடத்தில் வெட்டியிருப்போம்.

மாத்திரை பற்றிய நம்பிக்கை இன்னொரு சோதனையிலிருந்து வந்தது. 2018-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜெரால்ட் ப்ளோபெல், ஜுன்வெய் ஷி குழுக்கள், கைனேஸ் என்னும் நொதிகளின் செயல்படும் பகுதிகளை மட்டும் குறிவைத்து வெட்டின. கைனேஸ்களைச் சிறு மூலக்கூறுகளால் தடுக்க முடியும் என்பதால் இத்தேர்வு மிகவும் சரியானது. எச்.ஆர்.ஐ என்ற கைனேஸ் அவர்களுக்குக் கிடைத்தது. சிவப்பணுவில் ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதியான ஹீம் போதாதபோது புரத உற்பத்தியைத் தணிப்பது அதன் வழக்கமான வேலை; அதை நீக்கியபோது காமா உயர்ந்தது, நோயாளிகளின் செல்கள் அரிவாளாக வளைவதும் குறைந்தது. எனினும் தலசீமியா உள்ள எலிகளில் எச்.ஆர்.ஐ இல்லையென்றால் நோய் மோசமாகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரு நோய்க்குப் பொருந்தும் இலக்கு மற்றதற்கு ஆபத்தாகலாம்.

இத்தகைய முடிவுகளைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, செல் ஒழுங்காக முதிர்ந்ததா என்பதைத்தான். சிவப்பணு வளர்ச்சியைக் குலைக்கும் பல வெட்டுகள் காமாவையும் உயர்த்திவிடும். அவற்றால் நோயாளிக்குப் பயனில்லை. அடுத்து, உயர்வு எல்லாச் செல்களிலும் பரவலாக உள்ளதா என்று பார்ப்பேன், ஏனெனில் கருக்கால ஹீமோகுளோபின் இல்லாத செல் வளையத்தான் செய்யும்.

வேலூரின் ஸ்டெம் செல் ஆய்வு மையம் 2022-இல் வெளியிட்ட ஆய்வும் இவ்வரிசையில் சேரும். காமா மரபணுக்கள் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால், இரண்டிலும் ஒரே நேரத்தில் வெட்டினால் இடைப்பட்ட பகுதி தொலைந்துபோகக்கூடும். எனவே இழைகள் இரண்டையும் வெட்டாமல் ஒற்றை எழுத்தை மாற்றும் முறையைக் கையாண்டு, அவற்றின் தொடக்கப் பகுதியில் எந்த மாற்றங்கள் காமாவை உயர்த்துகின்றன என்று அவர்கள் தேடினர்.

இந்தியாவில் அரிவாள் செல் மரபு முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் பதிவானது. அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் விலையும், எலும்பு மஜ்ஜையை வெறுமையாக்கும் கடும் கீமோதெரபியும் கொண்ட ஒரு சிகிச்சை அம்மக்களை எட்டும் என்று நான் நம்பவில்லை. அவர்களுக்கு இன்று உள்ளது ஹைட்ராக்ஸியூரியா; அதுவும் கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்துகிறது, ஆனால் எல்லோரிடமும் ஒரே அளவில் அல்ல. காமாவை ஒடுக்கும் விஸ் என்னும் புரதத்தைச் சிதைக்கும் சிறு மூலக்கூறு ஒன்று குரங்குகளில் கருக்கால ஹீமோகுளோபினை உயர்த்தியதாக 2024-இல் வெளிவந்த ஆய்வை நான் இவ்வளவு ஆவலோடு படித்ததற்கு அதுவே காரணம்.